மூன்று ஐஇஎம்களை ஒரே தராசில் நிறுத்தியது

ஐஇஎம் என்பது காதுக் குழலுக்குள் செருகிக்கொள்ளும் இயர்ஃபோன். அப்படி மூன்றைக் கேட்டு முதல் சுற்றில் எழுதி வைத்த தீர்ப்பு: ஷூர் எஸ்இ846 முதலிடம், சென்ஹைசர் ஐஇ 600 அடுத்தது, எடிமோட்டிக் ஈஆர்4எஸ்ஆர் மெலிந்து, காதைக் கூசவைக்கும் ஒலி. ஆறு வாரம் கழித்து அதே மூன்று கருவிகள், அதே பதிவுகள், அதே காதுகள். அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட நிற்கவில்லை. இடையில் மாறியவை சத்த அளவு, டிப் (காதை அடைத்து நிற்கும் மென்மையான முனை), காதுக்குள் நுழைக்கும் ஆழம், மின்வழியில் வைத்த நான்கு ரெசிஸ்டர் (மின்தடை). விலை உயர்ந்த ஐஇஎம்களை ஒப்பிடப் போகிறவர்களுக்கு இந்த நான்கையும் எப்படிச் சரிசெய்தேன் என்பது பயன்படும். எங்கெங்கே தவறினேன் என்பது அதைவிடப் பயன்படும்.

மூன்றையும் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உள்ளமைப்பிலும் காதில் உட்காரும் விதத்திலும் மூன்றும் வேறு வேறு. ஈஆர்4எஸ்ஆர் 2016-இல் வந்தது. 1991-இல் தொடங்கிய ஈஆர்4 வரிசையின் வாரிசு. ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (சின்ன உலோக நாக்கு அசைந்து ஒலி எழுப்பும் டிரைவர்), இம்பிடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 45 ஓம், மூன்றடுக்கு டிப்போடு காதுக்குள் ஆழமாக இறங்கும். எஸ்இ846 (2013-இல் வந்த முதல் தலைமுறை) நான்கு ஆர்மேச்சர்கள், 9 ஓம். அதன் பேஸ் பகுதிக்குப் பத்து எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து ஒரு நீண்ட பாதை போட்டிருக்கிறார்கள். மேல் அதிர்வெண்கள் அதிலேயே வடிந்துவிடும். உடல் மடல் குழிவில் படுத்துக்கொள்ளும், கேபிள் காதுக்கு மேலே சுற்றிப் போகும். ஐஇ 600 (2022) ஒரே 7 மி.மீ. டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கரின் சின்ன வடிவம்), 18 ஓம், சின்ன உடல், ஆழம் குறைவாக நிற்கும். வெளியானபோது விலை முறையே 349, 999, 700 டாலர்.

முதல் வேலை: சத்தத்தைச் சமன் செய்வது

ஸ்பெக் தாளில் மூன்று நிறுவனங்களும் மூன்று அலகில் பேசுகின்றன. ஈஆர்4எஸ்ஆருக்கு 0.1 வோல்ட்டில் 96 டெசிபெல். ஐஇ 600-க்கு 1 வோல்ட்டில் 118. எஸ்இ846-க்கு 1 மில்லிவாட்டில் 114. இப்படியே பார்த்தால் ஐஇ 600தான் சத்தமானது என்று தோன்றும். எல்லாவற்றையும் 1 வோல்ட்டுக்கு மாற்ற வேண்டும். 0.1-லிருந்து 1 வோல்ட் என்றால் 20 டெசிபெல் கூடும், ஆக ஈஆர்4எஸ்ஆர் 116. எஸ்இ846-க்கு 9 ஓமில் 1 மில்லிவாட் என்பது 0.095 வோல்ட்தான், 1 வோல்ட்டுக்குப் போனால் 20.5 கூடி 134.5.

வால்யூமைத் தொடாமல் ஈஆர்4எஸ்ஆரைக் கழற்றி எஸ்இ846-ஐ மாட்டினால் சத்தம் 18 டெசிபெல் எகிறும் என்று அர்த்தம். ஒப்பிடுவது இருக்கட்டும், காதுக்கே ஆபத்து. மாற்றும்போதெல்லாம் பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமைச் சுழியத்திலிருந்து ஏற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்றில் வால்யூமைக் காதாலேயே சமன் செய்திருந்தேன். பிறகு அளந்தபோது எஸ்இ846 பக்கம் 3 டெசிபெல் சாய்ந்திருந்தது. ஒரு டெசிபெல் கூடினாலே அது "சத்தம் கூடியது" என்று தெரியாது. "தெளிவாக இருக்கிறது", "உயிரோட்டமாக இருக்கிறது" என்றுதான் தெரியும். எஸ்இ846-க்குப் போட்ட முதலிடத்தில் பாதி அந்த 3 டெசிபெல்லுக்குச் சேர வேண்டியது.

ரெசிஸ்டரில் விழுந்த முதல் தப்பு

டாங்கிளின் (இயர்ஃபோனை ஓட்டும் சின்னச் செருகு கருவி) வால்யூமை எஸ்இ846-க்காக வெகுவாகக் கீழே இறக்கினால் பின்னணி இரைச்சல் மேலே வருகிறது. சராசரி 80 டெசிபெல்லில் கேட்க ஈஆர்4எஸ்ஆருக்கு 16 மில்லிவோல்ட் வேண்டும், எஸ்இ846-க்கு 2 மில்லிவோல்ட்கூட வேண்டாம். அதனால் வழியில் தணிப்பு வைக்க நினைத்தேன். சுலபமாகக் கிடைத்தது தொடரில் 33 ஓம் ரெசிஸ்டர் உள்ள அடாப்டர். மாட்டியதும் இரைச்சல் போனது, கூடவே எஸ்இ846-இன் குணமும் போனது.

காரணம் எளிது. பல ஆர்மேச்சரும் கிராஸ்ஓவரும் (அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) உள்ள ஐஇஎம்மில் 9 ஓம் என்பது ஒரு அதிர்வெண்ணில் எடுத்த எண். மற்ற இடங்களில் இம்பிடன்ஸ் ஏறி இறங்கும். கணக்குக்காக ஓரிடத்தில் 5 ஓம், இன்னோரிடத்தில் 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 33 ஓம் தொடரில் இருந்தால் முதல் இடத்தில் 17.6 டெசிபெல் குறையும், இரண்டாவதில் 10.1. ஒலியின் வடிவமே 7.5 டெசிபெல் வளைந்துவிட்டது. இதே வளைவு 1 ஓமில் 1 டெசிபெல்தான். 45 ஓம் ஈஆர்4எஸ்ஆருக்கு 1 ஓம் வந்தால் மொத்த இழப்பே 0.2 டெசிபெல்.

சரியான வழி எல்-பேட்: ஒவ்வொரு சேனலிலும் தொடரில் 6.8 ஓம், அதன் பிறகு தரைக்கு 1 ஓம். இயர்ஃபோன் பார்க்கும் மூல இம்பிடன்ஸ் 0.9 ஓமுக்கு வந்துவிடுகிறது, தணிப்பு 18.6 டெசிபெல். கணக்குப்படி எஸ்இ846 115.9-க்கு இறங்கி ஈஆர்4எஸ்ஆரின் 116-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஐஇ 600-க்கு மென்பொருளில் 2 டெசிபெல் குறைத்தால் போதும். டாங்கிள் 7.7 ஓம் சுமையைப் பார்க்கும். கேட்கும் சத்தத்தில் உச்ச மின்னோட்டம் 20 மில்லிஆம்பியர் அளவில்தான் இருக்கும் என்பதால் என் டாங்கிள் தாங்கியது. சத்தமாகக் கேட்பவர்கள் இந்தக் கணக்கைத் தங்கள் டாங்கிளுக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், ஒன்று 2 ரூபாய். பத்துப் பத்தாக வாங்கி, அளந்து, ஜோடி சேர்த்தேன். மல்டிமீட்டர் 1 ஓம் ரெசிஸ்டரை 1.3 என்று காட்டும், பயப்பட வேண்டாம். இரண்டு கம்பி முனைகளையும் தொட்டுப் பிடித்தால் அதுவே 0.3 காட்டும், அதைக் கழிக்க வேண்டும்.

பெட்டியை முடித்து மாட்டியதும் இன்னொரு கோளாறு. குரல், வயலின், மிருதங்கம் எதுவும் தன் இடத்தில் நிற்கவில்லை. தேடிப் பார்த்ததில் குற்றவாளி தரைக் கம்பி. இரண்டு சேனலுக்கும் பொதுவாக ஒரே மெல்லிய கம்பியை 20 செ.மீ. நீளத்துக்கு இழுத்திருந்தேன், மலிவான 3.5 மி.மீ. சாக்கெட்டின் தொடர்பும் சேர்ந்து 0.3 ஓம் இருந்தது. 9 ஓம் சுமைக்கு 0.3 ஓம் பொதுத் தரை என்றால் ஒரு பக்க ஒலி மறுபக்கத்தில் 30 டெசிபெல் குறைவாகக் கசியும். கம்பியை 4 செ.மீ.க்கு வெட்டி, தடித்த கம்பி போட்டு, இரண்டு சேனலின் தரையையும் தனித்தனியாகப் பிளக்கின் அடியிலேயே சால்டர் செய்து, சாக்கெட்டையும் மாற்றினேன். 0.05 ஓமுக்கு இறங்கியது. கசிவு 45 டெசிபெல் கீழே போனது. குரல் நடுவிலும் வயலின் தன் இடத்திலும் திரும்ப வந்து நின்றன.

அளக்கும் குழாய்

முதலில் கையால் செய்தது: 8 மி.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாய், ஒரு முனையில் டெஃப்லான் டேப் சுற்றிய 6 மி.மீ. எலெக்ட்ரெட் மைக். செலவு 200 ரூபாய்க்குள். இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க இது போதும். ஒரு மாடலை இன்னொன்றோடு ஒப்பிட உதவாது. செவிப்பறை கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். குழாயின் கடினமான அடி விட்டுக்கொடுக்காது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வளைவுகள் தாறுமாறாக வந்தன, அவற்றை நம்பி ஒரு வாரம் போனது.

பிறகு 711 வகைக் கப்ளரின் (அளப்பதற்கான செயற்கைக் காது) நகல் ஒன்று, அனுப்பும் செலவோடு 8,400 ரூபாய். ஐஇசி 60318-4 தரத்தின்படியே இந்த வகைக் கப்ளர் 10 கிலோஹெர்ட்ஸ் வரைதான் மனிதக் காதைப் போல நடந்துகொள்ளும். அதற்கு மேலே திரையில் தெரியும் மேடுபள்ளங்களை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. அளக்க உதவும் ஆர்.இ.டபிள்யூ மென்பொருள் இலவசம். மூன்றையும் 500 ஹெர்ட்ஸ் முதல் 2 கிலோஹெர்ட்ஸ் வரைக்குமான பிங்க் நாய்ஸில் (பல அதிர்வெண்கள் கலந்த சோதனை இரைச்சல்) 0.2 டெசிபெல்லுக்குள் சமன் செய்தேன். 1 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்றை மட்டும் வைத்துச் சமன் செய்யக்கூடாது. அந்த இடத்தில் ஒன்றுக்கு மேடும் இன்னொன்றுக்குப் பள்ளமும் இருந்தால் மொத்தமும் சாயும்.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை கழற்றி மாட்டி அளந்தபோது, ஒன்றின் இடப்பக்கம் 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 5 டெசிபெல் தாழ்ந்தே இருந்தது. பத்து மடங்கு லென்ஸில் நாசிலின் (ஒலி வெளிவரும் மூக்கு) வலையைப் பார்த்தேன். நடுவில் பளபளவென்று ஒரு மெல்லிய படலம், ஓரத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு பிறை. வியர்வை ஈரமும் காதழுக்கும்தான். நாசிலைக் கீழ்நோக்கிப் பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷால் தட்டி எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு இரவு மூடி வைத்தேன். மறுநாள் 0.5 டெசிபெல்லுக்குள் வந்துவிட்டது. ஆல்கஹாலை வலை மேல் ஊற்றக்கூடாது. உள்ளே இருக்கும் தணிப்புத் துணிவரை அழுக்கைக் கரைத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். மாடல்களை ஒப்பிடும் முன் அந்தந்த ஜோடியின் இடமும் வலமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்காதவர் அழுக்கை விமர்சனம் செய்துகொண்டிருக்கக்கூடும்.

சீல்

சீல் என்பது காற்றுக் கசியாமல் டிப் காதை அடைப்பது. இந்தப் பகுதிக்குத்தான் அதிக நாட்கள் பிடித்தன, அதிகப் பலனும் இங்கேதான். கப்ளரின் வாயில் டிப்புக்குப் பக்கத்தில் 0.2 மி.மீ. செப்புக் கம்பி ஒன்றைச் செருகி அளந்து பாருங்கள். தலைமுடியைவிட இரண்டு மூன்று மடங்கு தடித்த அந்த இடைவெளியே பேஸைத் தின்றுவிடும். ஈஆர்4எஸ்ஆரில் 30 ஹெர்ட்ஸ் 15 டெசிபெல்லுக்கு மேல் சரிந்தது, ஐஇ 600-இல் சரிவு அதைவிடக் குறைவு. ஆர்மேச்சர் தள்ளும் காற்று மிகக் கொஞ்சம். கசிவை அதனால் ஈடுகட்ட முடியாது. "ஆர்மேச்சர் என்றாலே பேஸ் இல்லை" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு டிப் சரியாக உட்காராததன் பழி.

காதில் சோதிக்க 100, 50, 30 ஹெர்ட்ஸ் தொனிகளை மெல்லிய சத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட விட்டேன். கீழே போகப் போகக் கேட்கும் அளவு குறைவது இயல்பு. ஆனால் 50-லிருந்து 30-க்கு வரும்போது ஒலி அறவே மறைந்தால் கசிவு. அடுத்து 40 ஹெர்ட்ஸை ஓட விட்டு வாயை மெல்லத் திறந்து மூடினேன், தொனி அசையக்கூடாது. தாடை அசையும்போது காதுக் குழலின் வடிவமும் மாறும் என்பதால் இதில் தேறாத டிப் பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கழன்றுவிடும்.

இரண்டு காதும் ஒரே அளவு என்று எண்ணியது என் இரண்டாவது பெரிய தப்பு. வலதுக்கு நடு அளவு, இடதுக்குப் பெரிய அளவு போட்ட பிறகுதான் மோனோ பிங்க் நாய்ஸ் நெற்றிக்கு நடுவில் வந்து நின்றது. டிப் பாக்கெட்டில் ஜோடி ஜோடியாகத்தான் வரும். இரண்டு பாக்கெட் வாங்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

ஈஆர்4எஸ்ஆரை மாட்டும் முறை தனி. டிப்பைத் தண்ணீரில் லேசாக நனைத்து, எதிர்க்கையால் தலைக்குப் பின்னாலிருந்து மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மெல்லத் திருகிக்கொண்டே உள்ளே விட வேண்டும். மூன்று அடுக்கில் மூன்றாவது அடுக்கும் வாய்க்குள் போன பிறகுதான் உட்கார்ந்ததாகக் கணக்கு. வெடுக்கென்று இழுத்துக் கழற்றக் கூடாது. திருகிக் காற்றை உள்ளே விட்ட பிறகு வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செவிப்பறையில் இழுவை தெரியும்.

எஸ்இ846-க்குச் சிலிக்கோனைவிட ஃபோம் நன்றாக நின்றது. உருட்டி நுழைத்து 20 விநாடி பிடித்திருக்க வேண்டும். ஃபோம் ட்ரெபிளைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டேன். ஐஇ 600-இன் சொந்த டிப்புக்குள் சின்னதாக ஒரு ஃபோம் துண்டு உண்டு. அது இல்லாத வேறு டிப்புகள் காதுக்கு இதமாக இருந்தன, ஆனால் உச்ச ஸ்தாயி கூர்மையாகிவிட்டது. சொந்த டிப்புக்கே திரும்பினேன். அகன்ற துளை உள்ள டிப் ட்ரெபிளைத் திறக்கும், குறுகிய துளை அடக்கும். நாசிலைவிடத் துளை எவ்வளவு குறுகல் என்பதைப் பொறுத்து அளவு மாறும்.

ஆழம்

காதை அடைத்ததும் டிப்பின் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மூடிய ஒரு குழாய் உருவாகிறது. அதன் நீளம் 21.4 மி.மீ. என்றால் 8 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு வரும். 5 மி.மீ. ஆழமாகப் போனால் 10.5-க்கு நகரும். கப்ளரில் எல்லாவற்றையும் ஒத்ததிர்வு 8-இல் விழும்படி உட்காரவைத்து அளப்பது வழக்கம். உங்கள் காதில் அது வேறெங்கோ விழும். அந்த உச்சத்தைத் தேட 5-லிருந்து 12 கிலோஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் தொனியை மிகக் குறைந்த சத்தத்தில் கேட்க வேண்டும். ஊசி குத்துவது போல் ஓரிடம் வரும், அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்றில் ஈஆர்4எஸ்ஆரை இரண்டு அடுக்கோடு நிறுத்தியிருந்தேன். உச்சம் 8-க்குப் பக்கத்தில், சகாரம் ஒவ்வொன்றும் சீறியது, கூடவே கசிவால் பேஸும் இல்லை. முழுதாக இறக்கியதும் உச்சம் 10-ஐத் தாண்டியது, சீறல் அடங்கியது. "மெலிந்து கூசும் ஒலி" என்று எழுதியது கருவியின் ஒலி அல்ல. அரைகுறையாக மாட்டியதன் ஒலி. அந்த வரியை அடித்துவிட்டேன்.

கேட்டது

ஒன்றைக் கழற்றி மற்றதை ஒழுங்காக மாட்ட 40 விநாடி ஆகிறது. அவ்வளவு நேரம் நுண்ணிய ஒலி நினைவில் நிற்காது. அதனால் ஒரு முறைக்கு ஒரு கேள்வி, 20 விநாடித் துண்டு என்று வைத்துக்கொண்டேன். இடக்காதில் ஒன்று, வலக்காதில் இன்னொன்று மாட்டி, மோனோவில் கேட்டுவிட்டுப் பக்கம் மாற்றுவதும் உதவியது. காதுக்கு மேலே சுற்றும் வடிவங்களைப் பக்கம் மாற்றி மாட்ட முடியாது. அவற்றுக்கு அதே மாடலின் மற்றப் பக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

மிருதங்கத் தனியில் தொப்பியின் கும்கி எழுந்து வளைந்து அடங்குவதை முழுதாகத் தந்தது ஐஇ 600. அடியின் கனம் காதுக்குள் அழுத்தமாகவே தெரிகிறது. எஸ்இ846-இல் அதே அடி இன்னும் தடித்து வந்தாலும் முடியும் இடம் சற்று மங்கல். ஈஆர்4எஸ்ஆரில் சீல் சரியான பிறகு கும்கியின் சுருதி துல்லியம், கனம் மட்டும் குறைவு. தம்புராவில் ஜீவாளி நூல் எழுப்பும் மேல் ஸ்வரங்கள் அடுக்கடுக்காக விரிவதை ஈஆர்4எஸ்ஆர் போல மற்ற இரண்டும் காட்டவில்லை. எஸ்இ846-இல் அந்த மினுமினுப்பு பாதியிலேயே நின்றது, ஐஇ 600-இல் நடுப்பகுதி கொஞ்சம் பின்வாங்கி மேல்பகுதி மட்டும் முன்னே வந்தது. குரலுக்கு எஸ்இ846, சாரீரத்தின் உடம்பு, மூச்சு, அருகாமை எல்லாம் அதில்தான். எஸ்இ846-இன் நாசிலுக்குள் ஒலியை மாற்றும் வண்ணச் செருகுகளை மாற்றிப் போடலாம். 1 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை 2.5 டெசிபெல் ஏற்றும் வெள்ளைச் செருகைப் போட்டபோது நாதஸ்வரம் திறந்தது, குரலின் சதை குறைந்தது. நடுநிலையான நீலத்துக்கே திரும்பினேன்.

எவ்வளவு வித்தியாசம் வெறும் வளைவு என்று அறிய, ஐஇ 600-ஐ ஈஆர்4எஸ்ஆரின் வளைவுக்கு ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருளில் ஐந்து ஃபில்டரால் இழுத்தேன். பெரிய ஃபில்டர் 100 ஹெர்ட்ஸ் அருகே லோ-ஷெல்ஃப் (அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவது), 6.5 டெசிபெல் குறைப்பு. 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கை வைக்கவில்லை. குரலிலும் தொப்பியிலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. தம்புராவில் மட்டும் வித்தியாசம் மிச்சம் இருந்தது. அதுவும் ஆழத்தால் வரும் உச்சத்தின் இடத்தைப் பொறுத்தது என்றே நினைக்கிறேன்.

அணியும் சுகத்தில் ஐஇ 600-ஐ இரண்டும் நெருங்காது. மூன்று மணி நேரம் மறந்துபோகும். எஸ்இ846-இன் உடல் ஒன்றரை மணி நேரத்தில் மடல் குழிவின் விளிம்பை அழுத்தத் தொடங்கும். ஈஆர்4எஸ்ஆரில் கேபிள் சட்டையில் உரசும் சத்தம் அப்படியே தலைக்குள் ஏறும். சட்டைக் கிளிப்பைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் மாட்டினால் பெருமளவு அடங்கும். ஆனால் சீலிங் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும் அறையில் ஐஇ 600-இன் மெல்லிய பகுதிகள் ஃபேன் சத்தத்தில் கரைந்துவிடுகின்றன. ஈஆர்4எஸ்ஆரில் ஃபேன் இருப்பதே தெரியாது. முதல் சுற்றை ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துதான் கேட்டிருந்தேன், அதுவும் ஒரு தவறு.

கருவிகள் போக மொத்தச் செலவு: கப்ளர் 8,400, டிப்புகள் 3,100, ரெசிஸ்டர், பிளக், சாக்கெட், டப்பா எல்லாம் 260, வீணான 33 ஓம் அடாப்டர் 450. திரும்பச் செய்தால் முதல் பணத்தை டிப்புகளுக்குக் கொடுப்பேன், கப்ளரைக் கடைசியில் வாங்குவேன். எல்-பேட் பெட்டியில் தணிப்பை விலக்கும் சுவிட்ச் வைக்க மாட்டேன். தவறிப்போய்த் தட்டினால் 18 டெசிபெல் ஒரே நொடியில் காதில் இறங்கும். ஈஆர்4எஸ்ஆரின் தண்டில், டிப் முழுதாக உள்ளே போனதும் காது வாயோடு ஒட்டும் இடத்தில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வலதுக்கும் இடதுக்கும் அந்தக் கோடு ஒன்றரை மி.மீ. வித்தியாசத்தில் இருக்கிறது.